ஃப்ளூரின் எதைப் பிடித்திருக்கிறது?

ஃப்ளூரின் வாயு பட்டால் இரும்பு நார் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும்; தண்ணீர்கூட எரியும். தனிமங்களில் இதைவிட மூர்க்கமானது கிடையாது என்று பாடப்புத்தகம் சொல்வது உண்மைதான். அப்படிப்பட்ட ஃப்ளூரின் பற்பசையிலும், நான்-ஸ்டிக் தவாவின் பூச்சிலும், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் மாத்திரையிலும் எப்படிச் சாதுவாக இருக்கிறது? இரண்டு ஃப்ளூரின் அணுக்களைச் சேர்த்துவைத்திருக்கும் பிணைப்பு பலவீனமானது. ஒரு மோலுக்கு ஏறக்குறைய 158 கிலோஜூல் கொடுத்தாலே அறுந்துவிடும். கார்பனோடு சேர்ந்துவிட்ட ஃப்ளூரினைப் பிரிக்கவோ சுமார் 485 கிலோஜூல் வேண்டும். தன் இனத்தோடு ஒட்டாத அணு, பிற அணுக்களைப் பிடித்தால் விடுவதில்லை. மூர்க்கமும் சாதுத்தன்மையும் இந்த ஒரே குணத்திலிருந்து வருபவை. எனவே ஃப்ளூரின் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை; அது எந்த அணுவைப் பிடித்திருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இந்தப் பிடியின் வலிமையை வேதியியலாளர்கள் உடம்பைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்குள் குளோரினைப் போன்ற ஒரு புதுத் தனிமம் ஒளிந்திருக்க வேண்டும் என்று ஆம்பியர், ஹம்ப்ரி டேவிக்கு எழுதியது 1810-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதைத் தனியே பிரித்தெடுக்க அதன்பின் 70 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. டேவி நச்சுப் புகையால் அவதிப்பட்டார். அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்களும் அப்படியே. பெல்ஜியத்தின் லூயே, பிரான்ஸின் நிக்லே இருவரும் உயிரையே விட்டனர். கடைசியில் 1886 ஜூன் 26 அன்று பாரிஸில் ஆன்றி முவாசான் வென்றார். குளிரூட்டிய பிளாட்டினக் குழாயில், நீர் துளியும் இல்லாத ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் பொட்டாசியம் ஃப்ளூரைடு உப்பைக் கரைத்து, அதன் வழியே மின்சாரம் செலுத்தினார். வெளிவந்த வாயுவில் சிலிக்கான் படிகத்தைக் காட்டியதும் அது தீப்பிடித்து எரிந்தது. அவர் குழாயை அடைத்த விதம் கவனிக்கத்தக்கது. அடைப்பான்களைக் கால்சியம் ஃப்ளூரைடுக் கல்லில் செதுக்கியிருந்தார். ஏற்கெனவே ஃப்ளூரினால் நிறைந்துவிட்ட கல்லில் அந்த வாயு தாக்குவதற்கு எதுவும் மிச்சமில்லை! சரிபார்க்க அறிவியல் கழகத்தின் குழு வந்த அன்று வாயு வராமல் மானத்தை வாங்கியது தனிக்கதை. அமிலத்தை அளவுக்கு மீறிச் சுத்தப்படுத்தியதால் அதில் மின்சாரம் பாயவில்லை. உப்பைச் சேர்த்ததும் சரியாயிற்று. 1906-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கார்பனின் கையில் சேர்ந்துவிட்டால் ஃப்ளூரினால் தொல்லையே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. நான்-ஸ்டிக் தவாவின் பூச்சான டெஃப்லான் அவர்களுக்குச் சாதகமான சாட்சி. 1938-ல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் வாயு நிரப்பிய ஓர் உருளையைத் திறந்தபோது வாயு வரவில்லை, ஆனால் எடை குறையவும் இல்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே மெழுகு போன்ற வெள்ளைத் தூள்! எந்த அமிலத்துக்கும் மசியாத அந்த டெஃப்லான் தூள் பிறகு யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடைக் கையாளும் ஆலைகளுக்குக் கைகொடுத்தது. ஆனால் அசையாமை எப்போதும் வரமாக அமைவதில்லை. குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த குளோரோஃப்ளூரோகார்பன்கள் எதனோடும் வினைபுரியாததால்தான் அழியாமல் ஓசோன் படலம் வரை போய்ச்சேர்ந்தன. அங்கே ஓசோனை அழித்தது குளோரின். ஃப்ளூரின் நேரடிக் குற்றவாளி அல்ல. என்றாலும் அந்த மூலக்கூறுக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தம் அவற்றுக்குக் கடிவாளமிட்டது. டெஃப்லான் தயாரிப்பில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற சேர்மமும் இப்படித்தான் மண்ணிலும் நீரிலும் மனித ரத்தத்திலும் சிதையாமல் தங்குகிறது. வினைபுரியாதது என்பதற்கும் தீங்கற்றது என்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

கால்சியத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் உள்ளே ஊடுருவி ரத்தத்தின் கால்சியத்தைப் பறிக்கிறது, இதயம் நின்றுபோகக்கூடும். சிறிதளவு ஃப்ளூரைடு அதே கால்சியத்தோடு சேர்ந்து பல் எனாமலை அமிலம் எளிதில் அரிக்காதபடி உறுதியாக்குகிறது. அப்படியானால் ஃப்ளூரைடு உள்ள தண்ணீர் நல்லதுதானே என்று கேட்கலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் உள்ள நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது; அளவு இன்னும் கூடினால் பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி, முதுகை வளைக்க முடியாமல் போகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடிப் பாறை ஃப்ளூரைடைத் தண்ணீரில் கசியவிடுகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளூரைடு அதிகம் கரையாது. கால்சியம் குறைந்த இடத்தில் தாராளமாகக் கரையும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்ததன் முக்கியக் காரணம் இந்த ஃப்ளூரைடுதான்.

ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது; நீர் ஆவியாகக் குறையும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். நிறத்திலோ சுவையிலோ அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை ஃப்ளூரைடு அளவைப் பார்த்துவிடுங்கள். அளவு மீறியிருந்தால் அந்தத் தண்ணீரைத் துணி துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் வேறு நீருக்கு மாறுங்கள்.