மலையும் மண்ணும்

இளகாத உள்ளத்தைக் கல்மனம் என்கிறோம். நிலைத்து நிற்க வேண்டிய செய்தியைக் கல்லில் வெட்டி வைக்கிறோம். கல்லுக்குத் தேய்வில்லை என்னும் எண்ணம் நம் மொழியிலேயே ஊறிக் கிடக்கிறது. நிலவியலார் காட்டும் உண்மையோ வேறு. திருச்சிராப்பள்ளியின் நடுவே ஏறத்தாழ 83 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலைக்கோட்டைக் குன்றும் சிறுகச் சிறுகத் தேய்ந்தே வருகிறது. அதனருகே காவிரியில் கிடக்கும் மணலும் ஒரு காலத்தில் எங்கோ ஒரு மலையின் உறுப்பாக இருந்ததேயாகும்.

பாறை எவ்வாறு சிதைகிறது? ஆழத்தில் அழுந்திக் கிடந்த பாறை, மேற்சுமை நீங்கியதும் சற்றே விரிந்து, வெங்காயத் தோல் உரிவதுபோலத் தகடு தகடாகப் பிரிகிறது. அவ்வெடிப்புகளில் மரவேர் நுழைகிறது. பழைய மினாராவின் சுவரில் முளைத்த அரசங்கன்று பின்னர் அச்சுவரையே பிளப்பதைக் கண்டோர்க்கு வேரின் வலிமையை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் பெரும்பணியைச் செய்வது மழைத்துளியே. அது காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. கருங்கல்லில் குவார்ட்சு, பெல்சுபார், காக்காய்ப்பொன் எனப்படும் மைக்கா ஆகியவை கலந்துள்ளன. அவற்றுள் பெல்சுபாரை அவ்வமிலம் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றிவிடுகிறது. குவார்ட்சு மட்டும் எளிதில் அசையாது; அதுவே மணலாக எஞ்சுகிறது. ஆகவே களியும் மணலும் ஒரே தாய்க்கல்லின் இரு பிள்ளைகள் எனலாம். கல்லிலுள்ள இரும்பு, காற்றோடும் நீரோடும் கூடித் துருவாகி மண்ணைச் சிவப்பாக்குகிறது. சங்கப் புலவர் செம்புலப் பெயனீரார் தம் பெயரில் தாங்கி நிற்கும் செம்மையும் இத்தகைய துருவின் நிறமே!

பாறைத்தூள் மட்டும் மண்ணாகிவிடாது. இலைமக்கும் புழுவும் கண்ணுக்குத் தெரியா நுண்ணுயிரும் அதனுள் குடியேற வேண்டும். ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் செல்லும்; அதனை அடித்துச் செல்லச் சில பெருமழைகள் போதும்.

அடித்துச் செல்லப்பட்டதை ஆறு தரம் பிரிக்கிறது. விரைவு மிக்க இடத்தில் உருளைக் கற்களும், விரைவு குறைந்த இடத்தில் மணலும், நீர் தேங்கி நிற்கும் இடத்தில் வண்டலும் படிகின்றன. குறிஞ்சியில் உடைந்தது மருதத்தில் வயலாகவும் நெய்தலில் மணல்மேடாகவும் அமைகிறது. குடகு மலையில் பிறக்கும் காவிரி தஞ்சைத் தரணியை ஆக்கிய முறை இதுவே.

படிந்தது மீண்டும் கல்லாவதும் உண்டு. அடுக்கின்மேல் அடுக்கு அழுத்த, சுண்ணமும் சிலிக்காவும் பசைபோல் ஒட்ட, மணல் மணற்பாறையாகிறது, களி களிப்பாறையாகிறது. இதனைக் காண அரியலூருக்குச் சென்றாலே போதும். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் கடல் பரவியிருந்தது. சிப்பிகளும் சுருள் வடிவ அம்மோனைட்டுகளும் அங்குள்ள பாறைகளில் இன்றும் கிடைக்கின்றன. அக்கடலடியில் சேர்ந்த சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்டு மூட்டையாக நம் வீடு வந்து சேர்கிறது. அருகிலுள்ள காரை என்னும் ஊரிலோ, பழங்கடலின் களிப்படிவுகளை மழைநீர் மீண்டும் அரித்து, செந்நிறப் பள்ளத்தாக்குகளாகச் செதுக்கி வைத்துள்ளது. கல் மண்ணாகி, மண் கல்லாகி, மறுபடியும் மண்ணாகும் சுழற்சியை ஒரு நாள் பயணத்தில் கண்டுவிடலாம். மாணவர்கள் அவசியம் சென்று வரவேண்டிய இடம் அது.

இச்சுழற்சியின் நடுவே இப்போது நாமும் புகுந்துவிட்டோம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை நமக்கு நீரைச் சேமித்துத் தருகிறது. அதே வேளையில் ஆறு சுமந்துவரும் வண்டலையும் தடுத்து நிறுத்திக்கொள்கிறது. மேலிருந்து வரவு குறைந்த ஆற்றில் மணல் அள்ளுவதோ பெருகிற்று. பல்லாயிரம் ஆண்டுகள் உருண்டு வந்த மணலை லாரிகள் சில பருவங்களில் வெறுமையாக்கிவிடுகின்றன. படுகை தாழ்ந்தால் பாலத்தூண்களின் அடி வெளிப்படும். வாய்க்கால் தலைப்புக்கு நீர் ஏறாது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் சென்றபோது, மணல் அள்ளியதையே பலரும் காரணமாகக் கூறினர்.

கோடையில் ஏரி வற்றியதும், அதன் அடிவண்டலை வெட்டி மாட்டுவண்டிகளில் ஏற்றி வயலுக்கு அடித்த வழக்கத்தை நம் பெரியோர் பலர் நேரில் கண்டிருப்பர். மழை கொண்டுசென்ற மேல்மண், அவ்வாறு புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தது. நீர் நில்லாத செம்மண் காட்டில் அக்களி ஈரத்தைப் பிடித்து வைத்தது. மானாவாரிப் பயிர் அடுத்த மழை வரை வாடாது நின்றது.