கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் நான்கு பொருத்தம் பாருங்கள்

திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோவில் திருவிழா, தைப்பூசக் காவடி என நம்மவர் நிகழ்ச்சி எதுவானாலும் காணொளிப் பதிவு இல்லாமல் இன்று நடப்பதில்லை. இதைத் தொழிலாகவோ பகுதிநேர வேலையாகவோ எடுத்துக்கொண்ட இளைஞர்கள் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் பலர் இருக்கிறார்கள். வார இறுதியில் படப்பிடிப்பு, மற்ற நாள்களில் இரவு முழுக்கப் படத்தொகுப்பு. கேமரா வாங்கிய பிறகு அவர்களுக்கு வரும் அடுத்த பெரிய செலவு கணினி. அதிலும் பணத்தை அதிகம் விழுங்குவது கிராஃபிக்ஸ் கார்டு.

கூட்டுப் பணத்தை எடுத்தோ, போனஸைச் சேர்த்து வைத்தோ, தவணையிலோ ஒரு கார்டை வாங்கிப் பொருத்துகிறார்கள். வீடியோ கேம் பறக்கிறது. ஆனால் கல்யாண வீடியோவைத் திறந்தால் படம் பழையபடியே திக்கித் திணறி ஓடுகிறது. கார்டு பழுது என்று கடைக்குக் கொண்டுபோனால், சோதித்துப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார் கடைக்காரர். இருவர் சொல்வதும் உண்மைதான். கார்டு நல்ல கார்டு. அந்த வேலைக்குப் பொருந்தாத கார்டு.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். கிராஃபிக்ஸ் கார்டுக்கு நான்கு பொருத்தம் பார்த்தால் போதும்: மென்பொருள், கேமராக் கோப்பு, நினைவகம், கணினிப் பெட்டி. இந்த நான்கில் ஒன்று சேராவிட்டாலும் கொடுத்த வெள்ளிக்கு உரிய பலன் கிடைக்காது.

முதல் பொருத்தம்: மென்பொருள்

கணினியின் பிராசசர் திறமையான சில ஆட்களைக் கொண்ட பட்டறை போன்றது. கிராஃபிக்ஸ் கார்டு, ஒரே மாதிரியான எளிய வேலையை ஒரே நேரத்தில் செய்யும் ஆயிரக்கணக்கான ஆட்களைக் கொண்ட ஆலை போன்றது. நிறம் திருத்துவது, படத்தை மங்கலாக்குவது, அளவை மாற்றுவது போன்றவை ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் வேலைகள். அவற்றைக் கார்டு மிக விரைவாக முடித்துவிடும்.

ஆனால் அந்த ஆலைக்கு வேலை கொடுக்க, மென்பொருளுக்கு அதன் மொழி தெரிந்திருக்க வேண்டும். என்விடியா கார்டுகளின் மொழி கியூடா. இது வேறு நிறுவனத்தின் கார்டில் இயங்காது. ஓப்பன்சிஎல் பல நிறுவனக் கார்டுகளுக்கும் பொதுவானது. ஆப்பிள் கணினிகளில் மெட்டல்.

அடோபி நிறுவனம் 2010-இல் பிரீமியர் புரோ சிஎஸ்5 பதிப்பை வெளியிட்டபோது, ஒரு சிறிய பட்டியலில் இருந்த என்விடியா கார்டுகளை மட்டுமே அது ஏற்றுக்கொண்டது. பட்டியலில் இல்லாத கார்டை வைத்திருந்தவர்கள், மென்பொருளுக்குள் இருந்த ஓர் எழுத்துக் கோப்பைத் திறந்து தங்கள் கார்டின் பெயரை எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கட்டுப்பாடு பின்னர் தளர்ந்தது. இன்று விண்டோஸ் கணினியில் பிரீமியர் புரோ என்விடியா கார்டைக் கியூடா வழியாகவும், ஏஎம்டி கார்டை ஓப்பன்சிஎல் வழியாகவும் பயன்படுத்துகிறது.

எல்லா மென்பொருளும் கார்டை ஒரே அளவுக்கு நம்பியிருப்பதில்லை. டாவின்சி ரிசால்வ் மிக அதிகமாக நம்பியிருக்கிறது. நல்ல கார்டு இல்லாமல் அதில் வேலை நகராது. ஆனால் அதன் இலவசப் பதிப்பு ஒரே ஒரு கார்டைத்தான் பயன்படுத்தும். இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் வசதியும் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. இலவசப் பதிப்பை வைத்துக்கொண்டு இரண்டாவது கார்டு வாங்குவது வீண் செலவு.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இதற்கு நேர்மாறு. அதன் வேலையில் பெரும்பகுதி பிராசசரிலும் ரேமிலும் நடக்கிறது. சில எஃபெக்ட்டுகள் மட்டுமே கார்டைத் தொடுகின்றன. 16 ஜிபி ரேமோடு தலைப்பு அசைவூட்டம் செய்பவருக்கு, புதிய கார்டைவிட ரேமை 32 ஜிபி ஆக்குவதே பல வேளைகளில் கூடுதல் பலன் தரும். செலவும் குறைவு.

இரண்டாம் பொருத்தம்: கேமராக் கோப்பு

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். கேமரா படத்தை அப்படியே சேமிப்பதில்லை, எச்.264, எச்.265 போன்ற முறைகளில் சுருக்கிச் சேமிக்கிறது. படத்தொகுப்பில் அதை நொடிக்கு நொடி விரித்தாக வேண்டும். இதற்கென்றே கார்டுக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. வீடியோ கேமுக்கு உதவும் பகுதி வேறு, இது வேறு. அதனால்தான் கேமில் பறக்கும் கார்டு கல்யாண வீடியோவில் திணறுகிறது.

சோனி ஏ7 IV, கேனான் ஆர்6 போன்ற கேமராக்கள் எச்.265 முறையில் 10 பிட், 4:2:2 எனும் தரத்தில் பதிவு செய்ய வல்லவை. கைபேசியின் வழக்கமான 4:2:0 பதிவைவிட இதில் நிறத் தகவல் இரு மடங்கு. பட்டுப் புடவையின் நிறத்தைத் திருத்த இது நல்லது. ஆனால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வரிசைக் கார்டுகள் எதிலும் இந்த 4:2:2 கோப்பை விரிக்கும் வசதி இல்லை. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது சேர்க்கப்பட்டது. விலையுயர்ந்த 4090 கார்டு வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான். அந்தச் சுமை பிராசசரின் தலையில் விழுகிறது.

இன்டெல்லின் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான பிராசசர்களுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி இந்தக் கோப்பை எளிதாக விரிக்கும். ஆனால் பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள பிராசசர்களில் அந்தப் பகுதியே இல்லை. ஐ5-12400 என்பதும் ஐ5-12400எஃப் என்பதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். சிறிய விலை வேறுபாட்டுக்காக எஃப் வாங்கியவர் இங்கே மாட்டிக்கொள்வார். எஃப் இல்லாத பிராசசர் இருந்தும் பலன் தெரியவில்லையா? தனிக் கார்டு பொருத்தியதும் உள் கிராஃபிக்ஸ் தானாக அணைந்திருக்கலாம். பயாஸ் அமைப்பில் அதை இயக்கிவிட வேண்டும்.

முடித்த வீடியோவைக் கோப்பாக வெளியேற்றுவதிலும் இதே கேள்வி உண்டு. 2022-இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, என்விடியாவின் ஜிடி 1030 ஆகிய மலிவுக் கார்டுகளில், வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதியே கிடையாது.

மூன்றாம் பொருத்தம்: நினைவகம்

4கே படத்தின் ஒரு சட்டத்தில் 3840 பெருக்கல் 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். உயர்தரக் கணக்கீட்டில் ஒரு புள்ளிக்கு 16 பைட் தேவை. ஆக ஒரே ஒரு சட்டத்துக்குச் சுமார் 130 எம்பி. வழக்கமான எச்டி படத்தைப்போல் இது நான்கு மடங்கு. இரைச்சல் நீக்கும் எஃபெக்ட் முன்னும் பின்னும் உள்ள பல சட்டங்களைச் சேர்த்தே கையில் வைத்திருக்கும். அடுக்குக்கு மேல் அடுக்கு வைத்தால் 4 ஜிபி கார்டு விரைவில் நிரம்பிவிடும். அப்போது மென்பொருள் நினைவகம் போதவில்லை என்று சொல்லிப் பாதியில் நின்றுவிடும்.

எச்டி வேலைக்கு 4 ஜிபி சமாளிக்கும். 4கே வேலைக்கு 8 ஜிபி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கணினி ரேமைப் பிறகு கூட்டலாம். கார்டின் நினைவகத்தைக் கூட்ட முடியாது. பெயரை மட்டும் பார்த்தும் வாங்கக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 12 ஜிபி, 8 ஜிபி என இரண்டு கார்டுகள் உள்ளன.

நான்காம் பொருத்தம்: கணினிப் பெட்டி

அலுவலகங்களில் கழித்துவிட்ட சிறிய கணினியை மலிவாக வாங்கி, அதில் பெரிய கார்டைப் பொருத்த நினைப்பவர்கள் உண்டு. மதர்போர்டின் கார்டுத் துளை அதிகபட்சம் 75 வாட் மின்சாரமே தரும். ஆர்டிஎக்ஸ் 3060 கேட்பது 170 வாட். அதற்கு 550 வாட் பவர் சப்ளையை என்விடியா பரிந்துரைக்கிறது. பழைய அலுவலகக் கணினிகள் பலவற்றில் இருப்பது அதில் பாதிகூட இல்லை. தனி மின்வடமும் இருக்காது. குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான். இத்தகைய பெட்டிக்கு, தனி மின்வடம் தேவைப்படாத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்ற கார்டே ஏற்றது. கார்டின் நீளத்தையும் பெட்டியின் உள்ளளவையும் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

மடிக்கணினியில் பெரும்பாலும் கார்டை மாற்ற முடியாது. ஆப்பிள் சில்லு உள்ள மேக் கணினியில் தனிக் கார்டு சேர்க்கவே வழியில்லை. அவற்றை வாங்கும்போதே சரியாகத் தேர்வு செய்ய வேண்டும்.

பயன்படுத்திய கார்டா? வயதைப் பாருங்கள்

2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயத்தைக் கார்டு வைத்து உருவாக்கும் முறை முடிவுக்கு வந்தது. அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. அவற்றில் பரவலாகக் கிடைப்பது ஆர்எக்ஸ் 580. 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0 பதிப்பு ஓப்பன்சிஎல் ஆதரவைக் கைவிட்டதால், முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் அதன் சைக்கிள்ஸ் பகுதியில் இந்தக் கார்டு இனி உதவாது. கார்டு ஓடும், ஆனால் அந்த வேலையைச் செய்யாது.

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கு வழக்கமான டிரைவர் மேம்பாடு 2025 அக்டோபரோடு முடிந்தது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. மென்பொருளின் புதிய பதிப்பு புதிய டிரைவர் கேட்கும் நாளில் இவற்றுக்கு வழியில்லை. வேலை செய்துகொண்டிருப்பதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் இன்று பணம் கொடுத்து வாங்குபவர் இதைக் கணக்கில் கொண்டே விலை பேச வேண்டும்.

செலவு செய்வதற்கு முன் செய்யக்கூடியவை

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து, உங்கள் வீடியோவை ஓட்டிப் பாருங்கள். பிராசசர் 100 விழுக்காட்டில் இருந்து, கார்டின் 'வீடியோ டிகோட்' வரைபடம் அசையாமல் கிடந்தால், கோப்பை விரிக்கும் வேலையில் கார்டு பங்கெடுக்கவில்லை என்று பொருள். அதே விரிக்கும் வசதி இல்லாத இன்னொரு கார்டை வாங்கினால் இது மாறாது.

பிரீமியர் புரோவில் புராஜெக்ட் அமைப்புக்குள் சென்று, 'ரெண்டரர்' என்ற இடத்தில் ஜிபியு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்றிருந்தால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. என்விடியா கார்டு வைத்திருப்போர் கேம் டிரைவருக்குப் பதிலாக, படைப்பு வேலைகளுக்கென 2019 முதல் வெளியாகும் ஸ்டுடியோ டிரைவரை நிறுவலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இவை எதுவும் உதவாவிட்டால் பிராக்சி முறை இருக்கிறது. பெரிய கோப்புகளுக்குச் சிறிய நகல்களை உருவாக்கி, அவற்றை வைத்துத் தொகுத்து, இறுதியில் மூலக் கோப்பிலிருந்தே வெளியேற்றுவது. பிரீமியரிலும் டாவின்சியிலும் இந்த வசதி உண்டு. நகல் உருவாக இரவில் சில மணி நேரம் ஆகும். ஆனால் பழைய கணினியிலேயே 4கே கல்யாணத்தை முடித்துவிடலாம்.

அப்படியும் கார்டு வாங்கத்தான் வேண்டுமென்றால், மென்பொருளின் பெயரும் பதிப்பும், கேமரா பதிவு செய்யும் தரம், பிராசசரின் முழுப் பெயர், பவர் சப்ளையின் வாட் அளவு ஆகிய நான்கையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவில் எடுத்த ஒரு கோப்பை பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். லோயாட் பிளாசாவுக்குப் போனாலும் ஊர்க் கணினிக் கடைக்குப் போனாலும், கடையில் கேமை ஓட்டிக் காட்டினால் பார்த்துவிட்டு, உங்கள் கோப்பையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது தங்குதடையின்றி ஓடிய பிறகு பணத்தை எடுத்தால் போதும்.