அன்னபூரணி (பாய்க்கப்பல்)

அன்னபூரணி என்பது இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள வல்வெட்டித்துறையில் 1930-ஆம் ஆண்டு கட்டப்பட்ட இரட்டைப் பாய்மரக் கப்பல் ஆகும். அன்னபூரணி அம்மாள் என்றும் இதனை அழைப்பர். பின்னர் அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, புளோரன்ஸ் சி. ராபின்சன் என்ற புதிய பெயருடன் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது.

வல்வெட்டித்துறை கப்பல் கட்டுவதற்கும் கப்பலோட்டுவதற்கும் பெயர் பெற்ற ஊர். பர்மாவிலிருந்து அரிசியும் கொச்சியிலிருந்து ஓடும் இவ்வூர்ப் பாய்க்கப்பல்களில் வந்திறங்கின. அன்னபூரணியைக் கட்டியவர் சுந்தரம் மேஸ்திரியார். நீளம் 89 அடி, அகலம் 19 அடி. முதன்மையாக வேப்ப மரத்தால் கட்டப்பட்டது. வேம்பு யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றந்தோறும் நிற்கும் மரம். அதன் வைரத்தைக் கரையான் எளிதில் அரிப்பதில்லை. கடற்கரை மணலிலேயே ஏராவை வைத்து, வங்குகளை நிறுத்தி, பலகைகளை அறைந்து, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிப்பது அக்காலத்து முறை. அளவுகள் மேஸ்திரியின் கண்ணிலும் கையிலும் இருந்தன. இத்தகைய கப்பல்களுக்கு வரைபடம் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

அன்னபூரணி உணவளிக்கும் அம்மனின் பெயர். அரிசி ஏற்றிவரும் கப்பல்கள் நிறைந்த துறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைக் காண்பது அரிது.

இதனை வாங்கிய வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், ஸ்வாப் என்ற 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர். அவருடைய மனைவி புளோரன்ஸ் கிரேன், சிகாகோவின் பெருந்தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். புதிய பெயரில் உள்ள 'சி' அந்தக் குடும்பப் பெயரைக் குறிப்பது. உரிமையாளர் மாறினால் கப்பலின் பெயரும் மாறுவது கடல் உலகில் வழக்கமே. ஆயினும் அந்த வழக்கத்தால், கட்டியவர்களின் ஊரும் மொழியும் பெயர்ப்பலகையிலிருந்து நீங்கிவிட்டன.

1937 பிப்ரவரி இறுதியில் பயணம் தொடங்கியது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை உட்பட ஐந்து தமிழ் மாலுமிகள் இதில் சென்றனர். ஏடன், சூயஸ் கால்வாய், கிரீட் தீவு, ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்ட் 1 அன்று கப்பல் குளோஸ்டரை அடைந்தது. ஏறத்தாழ 17 மாதங்கள் பிடித்தன. வங்கக் கடலின் பருவக்காற்றுக்குப் பழகிய மாலுமிகளுக்கு அத்திலாந்திக் பெருங்கடல் முற்றிலும் வேறானது. இப்பயணத்தில் கடினமான பகுதி அதுவே எனலாம்.

அமெரிக்காவில் இறங்கியபோது கப்பலின் பெயர் புளோரன்ஸ் சி. ராபின்சன். வல்வெட்டித்துறையில் இன்றும் அதற்கு அன்னபூரணி என்றே பெயர்.