பால் மறந்த பன்றிக்குட்டிக்கு எந்தப் பொடி, எத்தனை நாள்?
சந்தேகங்களும் விளக்கங்களும்

தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகளுக்கென அமிலப் பொடி, சிங்க் ஆக்ஸைடு, புரோபயாடிக் எனப் பல சேர்ப்பான்கள் விற்பனைக்கு உள்ளன. யாங்கூன் வட்டாரத்தில் வீட்டோடு சில குட்டிகள் வளர்ப்போரிடம் இவை குறித்து எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் வருமாறு:

இத்தனை நாள் தவிடும் குருணையும் போதுமானதாக இருந்தபோது, இப்போது பொடி எதற்கு?

பண்ணைகளில் குட்டிகள் பொதுவாக 21 முதல் 28 நாள் வயதில், 6 முதல் 8 கிலோ எடையில் பிரிக்கப்படுகின்றன. அந்த வயதில் இரைப்பையில் போதிய அமிலம் சுரப்பதில்லை. தவிடு, பிண்ணாக்கைச் செரிக்கும் நொதிகளும் குறைவு. செரிக்காமல் குடலுக்குப் போகும் புரதத்தில் ஈ.கோலை கிருமி பெருகுவதால், பிரித்த முதல் இரண்டு வாரங்களில் கழிச்சல் வருகிறது. சேர்ப்பான்களின் வேலை இந்த இடைவெளியைக் கடக்க உதவுவதே.

சிங்க் ஆக்ஸைடு எவ்வளவு, எத்தனை நாள்?

கழிச்சலைத் தடுக்கப் பல நாடுகளில் வழக்கத்தில் இருந்த அளவு, ஒரு டன் தீவனத்துக்கு 2.5 கிலோ துத்தநாகம். அதாவது சுமார் 3.1 கிலோ சிங்க் ஆக்ஸைடு. 100 வீசைத் தீவனத்துக்கு (163 கிலோ) இது அரை கிலோ அளவே வரும். பிரித்த நாளிலிருந்து 14 நாள் மட்டுமே இதற்குக் கெடு. நீடித்துக் கொடுத்தால் தீனி எடுப்பு குறைந்து, உடலில் துத்தநாகம் நஞ்சாகச் சேரும். சீனாவில் இதே இரண்டு வாரத்துக்கான உச்சவரம்பு டன்னுக்கு 1.6 கிலோ துத்தநாகம்தான்.

ஐரோப்பாவில் இது தடை செய்யப்பட்டதாமே?

ஆம். மருந்து அளவிலான சிங்க் ஆக்ஸைடுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூன் முதல் அனுமதி இல்லை. சாணத்தின் வழியே துத்தநாகம் மண்ணில் சேர்வதும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதும் காரணங்கள். ஊட்டச்சத்தாக, டன்னுக்கு மொத்தம் 150 கிராம் துத்தநாகம் வரை அங்கு இன்றும் அனுமதி உண்டு.

ஆன்டிபயாடிக் கலந்த பொடி போட்டால் குட்டி வேகமாக வளரும் என்பது உண்மையா?

வளர்ச்சி சற்றுக் கூடலாம். விலை மனிதர் தலையில் விழுகிறது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத தன்மையைக் கிருமியிலிருந்து கிருமிக்குக் கடத்தும் மரபணு, பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் இருப்பது 2015-இல் சீனாவில் கண்டறியப்பட்டது. கொலிஸ்டின், வேறு மருந்துகள் கைவிட்ட நிலையில் மருத்துவமனைகளில் தரப்படும் கடைசி மருந்துகளில் ஒன்று. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளில் அதைத் தடை செய்தது.

அமிலம், புரோபயாடிக், ஃபைட்டேஸ்: மூன்றும் வேண்டுமா?

வேண்டியதில்லை. பென்சாயிக் போன்ற அமிலங்கள் கிருமியைக் கட்டுப்படுத்தும். ஃபைட்டேஸ் என்ற நொதி, தவிட்டில் பிடிபட்டிருக்கும் பாஸ்பரஸை விடுவிக்கும். ஈஸ்ட், லாக்டோபேசிலஸ் வகைப் புரோபயாடிக்குகள் உயிருள்ளவை. கொதிக்கும் கஞ்சியில் கொட்டினால் செத்துவிடும், ஆறிய பிறகே கலக்க வேண்டும்.

ஒரே தீவனத்தை ஆட்டுக்கும் வைக்கலாமா?

கூடாது. குட்டித் தீவனத்தில் வளர்ச்சிக்காகத் தாமிரம் கூடுதலாகச் சேர்க்கப்படுவதுண்டு. அந்த அளவு செம்மறியாட்டைக் கொன்றுவிடும்.

பொடி போட்டும் கழிச்சல் நிற்கவில்லையே?

பெரும்பாலும் கோளாறு பொடியில் இல்லை. பிரித்த முதல் வாரத்தில் குட்டிக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். யாங்கூனில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் அது 20 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து படுத்தால் குளிர் என்று பொருள். வைக்கோல், சுத்தமான குடிநீர், பூஞ்சை பிடிக்காத பிண்ணாக்கு ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் பொடிக்குச் செலவிடுவது வீண்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை இவை தடுக்குமா?

எந்தச் சேர்ப்பானும் தடுக்காது. மியான்மரில் அந்நோய் 2019 ஆகஸ்டில் ஷான் மாநிலத்தில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. கடும் காய்ச்சலுடன் பன்றிகள் அடுத்தடுத்து இறந்தால், இறைச்சியை விற்காமல், நகரியக் கால்நடை மருத்துவ அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.