திருவண்ணாமலையின் சேமிப்பு: அன்றும் இன்றும்

1990ஆம் ஆண்டு வாக்கில் திருவண்ணாமலையில் ஒரு பள்ளி ஆசிரியரிடம் சேமிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால், தபால் நிலையம், ஏலச்சீட்டு, நகை என்று சொல்லி முடித்திருப்பார். மணிலா மண்டி வைத்திருப்பவர் இவற்றோடு நிலத்தையும் சேர்த்திருப்பார். பங்குச்சந்தை என்பது பம்பாயிலும், சென்னை இரண்டாம் கடற்கரைச் சாலையிலும் யாரோ நடத்துகிற வியாபாரம். இன்று அதே ஊரில், தேரடித் தெருக் கடையில் கணக்கு எழுதுகிற இளைஞரின் கைப்பேசியில் டிமேட் கணக்கு இருக்கிறது. சம்பளம் ஏறிய சில நாளில் மியூச்சுவல் ஃபண்டுக்கான எஸ்ஐபி மாதத் தவணை தானாகப் பிடிக்கப்படுகிறது. அமெரிக்காவில் வட்டி குறையுமா கூடுமா என்பது அவருக்கும் வீட்டு விஷயமாகிவிட்டது.

அன்று தபால் நிலையத்தைத் தாண்டிப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1988இல் வந்த கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை ஆண்டில் பணத்தை இரட்டிப்பாக்கியது. இன்று அதே பத்திரம் இரட்டிப்பாக 115 மாதம் ஆகிறது. ஒன்பதரை ஆண்டுக்கும் மேல். பிபிஎஃப் கணக்குக்கு 1990களில் 12 சதவீத வட்டி. 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். அன்றைய விலைவாசியும் வேகமாக ஏறியது என்பதால் அந்த வட்டி முழுவதையும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், மகளின் கல்யாணத்துக்கு இன்ன ஆண்டில் இன்ன தொகை வரும் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ள முடிந்தது. அந்த நிச்சயமான வருமானம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்த பிறகே ஊர் சந்தையின் பக்கம் திரும்பியது.

அன்றும் துணிந்து பங்கு வாங்கியவர்கள் இருந்தார்கள். விண்ணப்பப் படிவம் கிடைப்பதே பாடு. 1994 ஜனவரியில் மார்கன் ஸ்டான்லி குரோத் ஃபண்டு வந்தபோது, முந்தியவருக்கே கிடைக்கும் என்ற பேச்சில் வெறும் படிவமே கூடுதல் விலைக்கு விற்றது. ஒதுக்கீடு ஆனால் பதிவுத் தபாலில் பத்திரம் வரும். கெட்டித் தாள், ஓரமெல்லாம் பூவேலை, நடுவில் பெயரும் ஃபோலியோ எண்ணும், கீழே இயக்குநர்களின் கையெழுத்து, கம்பெனி முத்திரை. பின்பக்கத்தில் அது யார் யார் கைக்கு மாறியது என்ற குறிப்பு கட்டம் கட்டமாக இருக்கும். விற்பதென்றால் மாற்றுப் படிவத்தில் முத்திரை வில்லை ஒட்டி, கையெழுத்திட்டு, சென்னைத் தரகருக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்து சற்றே மாறியிருந்தாலும் ‘பேட் டெலிவரி’ என்று திரும்பி வந்துவிடும். பணம் கைக்கு வர வாரங்கள் ஆகும்.

1996இல் டெபாசிட்டரிச் சட்டம் வந்தது. பத்திரம் காகிதத்திலிருந்து கணினிக்கு, டிமேட் கணக்குக்கு ஏறியது. 2019 ஏப்ரலிலிருந்து காகிதப் பத்திரத்தை விற்றுக் கைமாற்ற முடியாது. 2023 ஜனவரி இறுதியிலிருந்து, எல்லாப் பங்குகளுக்கும் விற்ற மறுநாளே கணக்கு தீர்ந்துவிடுகிறது. சென்னைப் பங்குச்சந்தை 2015இல் மூடப்பட்டது; அதற்குள் அதன் தேவையே போய்விட்டிருந்தது. தொலைந்த பத்திரம், போலிப் பத்திரம், தரகர் சொன்னதே விலை என்ற மூன்று பயங்களும் ஒழிந்தன. மும்பைக்காரர் பார்க்கும் விலையை அதே நொடியில் செங்கம் சாலையில் நிற்பவரும் பார்க்கிறார். சிறிய ஊருக்கு இது பெரிய நியாயம்.

ஆனால் காகிதத்தின் தாமதத்துக்குள் ஒரு பாதுகாப்பும் இருந்தது. விலை மறுநாள் காலைப் பத்திரிகையில்தான் தெரியும். விற்கலாம் என்று முடிவெடுத்துத் தபாலில் சேர்ப்பதற்குள் மனம் ஆறிவிடும். இன்று காலை 9.15க்குச் சந்தை திறந்ததும் திரை சிவக்கிறது. பதறிய விரலுக்கு விற்கும் பொத்தான் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அன்று பொறுமையை ஏற்பாடே கொடுத்தது. இன்று அதை அவரவர்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

வீழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1992 ஏப்ரலில் மும்பைச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 4,467ஐத் தொட்டது. தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி வெளிவந்ததும் சரிந்தது. நடுவில் ஏறியும் இறங்கியும், 2003 ஏப்ரலில் 3,000க்கும் கீழே கிடந்தது. பதினொரு ஆண்டு காத்திருந்தவருக்கும் முதல் தேறவில்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தாண்டிய குறியீடு 2009 மார்ச்சில் 8,160க்கு வந்தது. பழைய உயரத்தைப் பிடிக்க 2010 தீபாவளி வரை ஆயிற்று. 2020 மார்ச் 23 அன்று, கொரோனா பயத்தில் ஒரே நாளில் 3,935 புள்ளி விழுந்தது. அந்த நவம்பருக்குள்ளேயே பழைய உச்சத்தைக் கடந்தது. 2025 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பால் 2,200 புள்ளிக்கு மேல் இறங்கியது. சில வாரத்தில் மீண்டது.

மீட்சி வரவரச் சீக்கிரமாகியிருக்கிறது. இதை மட்டும் பார்த்து வளர்ந்த தலைமுறை, எல்லா வீழ்ச்சியும் சில மாதத்தில் சரியாகிவிடும் என்று நம்பத் தொடங்கிவிட்டது. ஆனால் ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில்தான். வேலைக்குச் சேர்ந்தபோது பணம் போட்டவர் ஓய்வு பெறும் காலம் அது.

மீட்சி விரைவானதற்குச் சிறு சேமிப்பாளரும் ஒரு காரணம். 2008இல் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் ₹50,000 கோடிக்கு மேல் விற்று வெளியேறின. சென்செக்ஸ் அந்த ஆண்டில் பாதிக்கு மேல் இழந்தது. 2024 அக்டோபர் ஒரே மாதத்தில் அவர்கள் விற்றது ₹90,000 கோடிக்கு மேல். உள்நாட்டு நிறுவனங்கள் ₹1 லட்சம் கோடிக்கு மேல் வாங்கின. இறக்கம் 6 சதவீத அளவோடு நின்றது. அந்த உள்நாட்டுப் பணத்தில் மாதத் தவணைக்கும் கணிசமான பங்கு உண்டு. 2016 ஏப்ரலில் நாடு முழுவதும் எஸ்ஐபி வழியே வந்தது ₹3,122 கோடி. 2025 அக்டோபரில் ₹29,000 கோடிக்கு மேல். அதில் நம் ஊரின் ஐந்நூறும் ஆயிரமும் கலந்திருக்கின்றன.

உலகத்தோடு இருந்த உறவும் மாறிவிட்டது. ரமணாசிரமம் தேடி வந்த வெளிநாட்டவர் டாலரைக் கொடுத்து ரூபாய் வாங்கிய ஊர் இது. உள்ளூர்க்காரர் டாலரில் முதலீடு செய்ய அன்றைய அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தரவில்லை. 2004இல் ரிசர்வ் வங்கி தனிநபருக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அனுமதித்தது. இன்று வரம்பு 2,50,000 டாலர். கோடைக்கால மாலை 7 மணிக்கு, கிரிவலப் பாதையில் கூட்டம் சேரும் நேரத்தில், நியூயார்க் சந்தை திறக்கிறது. பணத்தை ஒரே நாட்டில் வைக்காமல் பிரித்து வைப்பது நல்ல வாய்ப்புத்தான். அதோடு டாலர் விலையின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே வரும்.

ஏமாற்று மட்டும் மாறவில்லை. 1998இல் அனுபவ் நிறுவனத்தின் தேக்கு மர முதலீட்டுத் திட்டம் முறிந்தபோது தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. 2022இல் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது வழக்கு வந்தது. நம் மாவட்டத்து ஆரணியும் அதில் அடிபட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் ₹2,400 கோடிக்கு மேல் திரட்டப்பட்டது என்பது காவல்துறையின் கணக்கு. மாதத்துக்கே 25, 30 சதவீதம் தருவதாகச் சொன்ன வாக்கை மக்கள் நம்பினார்கள். சட்டப்படியே நடக்கும் இழப்பும் உண்டு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த இழப்பு ₹1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபியே ஆராய்ந்து சொன்னது. அன்று பொய்க் கம்பெனியில் போன பணம் இன்று கைப்பேசியில், சொந்த விரலால் போகிறது.

இப்படி முதலையே இழக்காமல், அதைக் குறைக்காமல் பலனை மட்டும் எடுப்பது இந்த ஊர் அறியாத பாடம் அல்ல. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள் ஆடுகளைக் கொடுத்தார்கள். 90, 96 என்று கல்லில் எண்ணிக்கை வெட்டினார்கள். மந்தையைப் பெற்றவர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். மந்தை குறையவும் கூடாது. கொடுத்தவர் காலத்துக்குப் பின்னும் விளக்கு எரிய வேண்டும் என்பதே திட்டம்.

உலகச் சந்தை அடுத்த ஆண்டு ஏறுமா இறங்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியிலோ தபால் நிலையத்திலோ வைத்துவிட்டு, ஏழெட்டு ஆண்டு தொட வேண்டியிராத பணத்தை மட்டும் சந்தைக்கு அனுப்புங்கள். கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர்கள். ஆலோசனை சொல்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். சந்தை விழுகிற மாதத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். அதே ஐந்நூறு ரூபாய்க்குக் கூடுதல் யூனிட் கிடைப்பது அந்த மாதத்தில்தான்.