மச்சானும் தம்பியாவும்

பதுளை பஸ் நிலையத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும், "மச்சான்" என்ற சொல் காதில் விழுந்துவிடும். பசறை பஸ்ஸுக்கு ஓடும் தோட்டத்துப் பொடியனும், கடைவீதியில் நிற்கும் நம்மட பொடியனும் அதைத்தான் சொல்கிறார்கள். சிங்கள இளைஞன் வாயில் அது "மச்சங்". மாமா மகனையும் மாமி மகனையும் சகோதரியின் மாப்பிள்ளையையும் குறிக்கும் முறைப்பெயர் இது. அதாவது பெண் கொடுக்கல் எடுக்கலுக்கு உரிமை உள்ளவன். சிங்களத்தில் மைத்துனனுக்கு "மஸ்ஸினா" என்று வேறு சொல் உண்டு, "மச்சங்" சிநேகிதனுக்கு. 2004இல் ஜெர்மனிக்குப் போய் மறைந்துபோன போலி இலங்கை ஹேண்ட்போல் அணியைப் பற்றி 2008இல் ஒரு படம் வந்ததே, அதற்கும் "மச்சான்" என்றே பெயர் வைத்தார்கள்.

தமிழ்நாட்டுப் படம் பார்த்து நம்மட பிள்ளைகள் இப்போது "மச்சி" என்கிறார்கள். அது முறைப்பெண்ணுக்குரிய சொல் என்று வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிப்புக்கு இங்கே பஞ்சமில்லை: நாம் மூத்த சகோதரியைத் "தாத்தா" என்போம், தோட்டத்தில் அது பாட்டன், சிங்களத்தில் தகப்பன்!

உறவுப்பெயர் தெருவுக்கு வருவது உலக வழக்கம். ஸ்பெயின் இளைஞர்கள் சிநேகிதனைத் "தியோ" என்கிறார்கள். மாமா, சாச்சா என்று பொருள். மெக்சிகோவில் "குவெய்". எருதைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்து, மடையன் என்ற ஏச்சாகி, இன்று சிநேகிதனுக்கு ஆகிவிட்டது. ஆனாலும் முன்பின் தெரியாதவனிடம் சொன்னால் அடிதடிதான். வசை அன்பாகலாம் என்பதற்கு அது சாட்சி. அன்பு வசையானதற்குச் சாட்சி தேடி நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

"தம்பி" என்பதைவிட இதமான விளி தமிழில் ஏது? சிங்களத்தில் அது "தம்பியா" ஆனதும் முஸ்லிமை இளக்காரமாகச் சொல்லும் சொல்லாகிவிட்டது. ஒட்டில் குற்றமில்லை, பிள்ளையைக் குறிக்கும் "லமயா"விலும் அதே "யா" தான். சொல்கிறவன் நினைப்பில்தான் குற்றம். "மரக்கலயா"வும் அப்படித்தான். மரக்கலம் என்றால் கப்பல், நல்ல தமிழ்ச் சொல். இவற்றைக் கேட்டால் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. தைக்கத்தான் வேண்டும்.

ஆனால் "தோட்டக்காட்டான்" என்பது யார் வாயில் வருகிறது? மற்ற ஊர்த் தமிழர் வாயிலும் வருகிறது, நம்மட வாயிலும் வருகிறது. தோட்டம், காடு இரண்டும் வசையில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியபோது, "கள்ளத்தோணி"யோடு சேர்ந்து இந்தச் சொல்லும் ஏறி மிதித்தது. பசறையிலும் லுணுகலையிலும் பண்டாரவளையிலும் நம்மவர் கடைகள் தோட்டத்துச் சம்பள நாளை நம்பி வளர்ந்தவை. சம்பள நாளில் "வாங்க அண்ணே". கடனுக்கு வந்தால் முதுகுக்குப் பின்னால் "தோட்டக்காட்டான்". பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுத்திருப்பதை அந்தக் கடைக்காரரும் ஓதித்தான் இருப்பார்.

அம்மக்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் "மலையகத் தமிழர்". மலையகத்துக்கு 200 ஆண்டு என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோதும் அந்தப் பெயரோடுதான் நடந்தார்கள்.

வகுப்பில் இரண்டு பொடியன்மார் காலையில் "மச்சான், மச்சான்" என்று ஒரே வாங்கில் இருப்பார்கள். இன்டர்வல் கிரிக்கெட்டில் ஒரு ரன் அவுட் தகராறு. ஒருவன் "தோட்டக்காட்டான்" என்பான். மற்றவன் "போடா சோனி" என்பான். அரசாங்கப் பதிவில் உள்ள "சோனகர்" என்ற மரியாதையான பெயரின் பாதிதான் அது. இரண்டையும் கரும்பலகையில் எழுதி, எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இருவருமே சொல்வது ஒன்றுதான்: "வீட்டில சொல்லுவாங்க, சேர்."