காற்றடைத்த படகும் கைக்கடங்கிய இயந்திரமும்

படகு என்றவுடன் கரையில் இழுத்து வைக்கப்பட்ட வள்ளமோ தோணியோதான் நம் மனக்கண்முன் தோன்றும். அதனை வைத்திருப்பதற்குக் கரையில் இடம் வேண்டும், காவல் வேண்டும், நீரில் இறக்குவதற்கு நாலு பேருடைய தோளும் வேண்டும். கரையிலிருந்து பத்துக் கட்டை தூரத்தில் குடியிருந்து, ஓய்வு நாளில் வாவியில் தூண்டில் போட விரும்பும் ஒருவருக்கு இவை யாவும் எளிதிற் கைகூடுவன அல்ல. மடித்துப் பையிலிட்டு, முச்சக்கர வண்டியிலும் ஏற்றிச் செல்லத்தக்க காற்றடைத்த படகு இத்தகையோருக்கென்றே அமைந்தது எனலாம்.

அதனை விளையாட்டுப் பொருளென்று எண்ணுவோர் உளர். 1952 ஆம் ஆண்டில் அலேன் பொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர், ஏறத்தாழ நாலரை மீற்றர் நீளமுள்ள இறப்பர்ப் படகொன்றிலே தனியராய்க் கனேரித் தீவுகளிலிருந்து புறப்பட்டு, பாயின் துணையோடு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து 65 நாளில் பார்படோசை அடைந்தார். இவ்வகைப் படகு கடலைத் தாங்கும் என்பதற்கு இது போதிய சான்று. எந்தக் காற்றில் தாங்கும் என்பது வேறு வினா.

வாங்கச் செல்வோர் நிறத்தையும் விலையையும் நோக்குவதன் முன், படகின் பின்பலகையருகே ஒட்டப்பட்டிருக்கும் தகட்டை வாசித்தல் வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு பாரம், எத்தனை குதிரைவலு வரை என்பன அதிற் குறிக்கப்பட்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. 6185 என்னும் சர்வதேச நியமம் இவ்வகைப் படகுகளுக்குரியது. தகடே இல்லாத படகை மலிவென்று வாங்குதல் வீண். மூவர் என்று குறிக்கப்பட்ட படகில் இயந்திரமும் எரிபொருளும் மீன்பெட்டியும் ஏறியபின் இருவர் இருப்பதே வசதி. காற்றறைகள் மூன்றேனும் தனித்தனியாக இருத்தல் நன்று. ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும். தூண்டில் முள்ளும் கத்தியும் ஒரா மீனின் செட்டை முள்ளும் ஒரே இடத்தில் கிடக்கும் தொழிலில் ஓர் அறை என்றேனும் ஒருநாள் கிழியவே செய்யும்.

துணி இருவகைப்படும். பி.வி.சி. துணி விலை குறைந்தது. எனினும் நம் நாட்டு வெயிலில் விரைவில் முதுமை அடைவது. ஹைபலோன் என்ற பெயரால் அறியப்பட்ட செயற்கை இறப்பர்த் துணி வெயிலை நெடுங்காலம் பொறுக்கும், விலையோ கூடியது. வாரம் ஒருமுறை சென்று திரும்பி, நிழலில் வைப்பவருக்குத் தடித்த பி.வி.சி. போதும்.

வெயிலைப் பற்றி இன்னொன்றும் சொல்லுதல் வேண்டும். காலைக் குளிரில் முழு அழுத்தத்துக்குக் காற்றடித்த படகை நண்பகல் மணலில் விட்டுவைப்பது தவறு. உள்ளிருக்கும் காற்று 25 பாகையிலிருந்து 50 பாகை செல்சியசுக்குச் சூடேறினால், அளவியிற் காணும் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கூடிவிடும். பொருத்துகள் விடுவது பெரும்பாலும் இவ்வாறுதான். கரையில் நிற்கும்போது சிறிது காற்றை வெளியேற்றி, நீரில் இறக்கியபின் மீண்டும் அடிப்பதே முறை.

இனி, வெளியிணைப்பு இயந்திரம். இங்கேதான் ஆசை அறிவை முந்துகிறது. மூன்று மீற்றர் படகொன்று நீரைக் கிழித்துச் செல்லும் இயல்பான வேகம் மணிக்கு ஏழு கிலோமீற்றர் அளவே. அதற்கு இரண்டரைக் குதிரைவலு போதும். அதனைக் கடந்து நீரின்மேல் எழும்பி ஓடவேண்டுமாயின் அதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட வலு வேண்டும். எரிபொருளும் அதற்கேற்பச் செலவாகும். இரண்டரைக் குதிரைவலு இயந்திரத்தின் நிறை 13 முதல் 18 கிலோகிராம் வரை. ஐந்து, ஆறு குதிரைவலு இயந்திரங்கள் ஏறத்தாழ 25 கிலோகிராம். பிந்தியதைத் தெரிவு செய்ய எண்ணுபவர், அந்நிறையுள்ள அரிசி மூடையொன்றைத் தூக்கிக்கொண்டு மணலில் நூறு யார் நடந்து பார்த்தல் நலம். சுமக்க முடியாத இயந்திரம் வீட்டு மூலையில் உறங்கும்.

பின்பலகையின் உயரத்தை அளந்து அதற்கேற்ற தண்டு நீளத்தை வாங்குவது அவசியம். சிறிய படகுகளுக்குப் பெரும்பாலும் 38 சென்ரிமீற்றர் தண்டே பொருந்தும். 51 சென்ரிமீற்றர் தண்டு ஆழங்குறைந்த வாவியிற் சேற்றையும் முருகைக்கல்லையும் உழும். நாலடி இயந்திரத்தைக் கிடத்தும்போது, அதன் கைந்நூல் குறிப்பிடும் பக்கமாகவே கிடத்தல் வேண்டும். மறுபக்கம் கிடத்தினால் எண்ணெய் உருளைக்குள் இறங்கிவிடும். மின்னியந்திரம் ஓசையற்றது, மீனை வெருட்டாதது. ஆயினும் 100 அம்பியர்-மணி ஈய மின்கலம் மட்டுமே 25 கிலோகிராமுக்குக் குறையாது. அதில் பாதியைத்தான் செலவிடலாம். முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணித்தியாலம், சற்று மேலோ கீழோ. கரையோரக் களப்புக்கு அது உகந்தது, கடலுக்கு உகந்ததன்று.

கடலுக்குச் செல்வோர்க்கு ஓட்டையைவிடக் காற்றே பெரிய இடர். இப்படகு இலேசானது, நீரில் ஆழ இறங்காமல் மேலே நிற்பது. ஆகவே காற்று அதனைச் சருகுபோல் தள்ளும். மட்டக்களப்புப் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களிற் கச்சான் வீசும்போது கரையோரக் கடல் குளம்போல் அமைதியாய்க் காணப்படும். தரையிலிருந்து வீசும் காற்றாதலின் கரையருகே அலை எழுவதில்லை. அவ்வமைதியை நம்பிச் சென்றவரின் இயந்திரம் நின்றுவிட்டால், படகு வங்கக் கடலை நோக்கியே போகும். துடுப்பு வலித்து அக்காற்றை எதிர்த்து மீள்வது மிக அரிது. கச்சான் நாளில் வாவியே தகுந்த இடம். ஏனைய நாட்களில் முதலிற் காற்றை எதிர்த்துச் சென்று, மீன்பிடித்தவாறே காற்றோடு கரைப்பக்கமாக இறங்கி வருதல் வேண்டும். இரண்டு துடுப்பு, நீண்ட கயிற்றோடு நங்கூரம், உடலில் அணிந்த உயிர்காப்பு அங்கி, இயந்திரத்தை நிறுத்தும் கயிறு மணிக்கட்டில்: இவற்றுக்கான பணத்தை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். இயந்திரத்தினுள் அடங்கிய சிறு தாங்கி ஒரு லீற்றர் அளவே கொள்ளும் என்பதால் மேலதிக எரிபொருளும் உடன் செல்லவேண்டும்.

கரை சேர்ந்தபின் இயந்திரத்தை நன்னீரில் சிறிது நேரம் ஓடவிட்டு, படகின் மணலையும் உப்பையும் கழுவி, நிழலில் நன்கு உலர்த்தியே மடித்தல் வேண்டும். ஈரத்தோடு மடித்த துணி பூஞ்சணம் பிடிக்கும். மீன் வாடை நின்ற துணியை எலி தேடி வரும். ஆதலின் பையைத் தரையில் விடாது, எலி எட்டாத கொடியிலோ பரணிலோ வைப்பது நலம்.